மட்டைக்கு ஸ்பான்சர் உண்டு... புல்லுக்கு?

பக்கத்து ஃப்ளாட் பையனுக்குப் பதினொரு வயது. டென்னிஸ் கோச்சிங் போகிறான். 2025 ஜூலையில் அல்கராஸும் சின்னரும் மோதிய விம்பிள்டன் இறுதிப் போட்டியை எங்கள் வீட்டு டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"அங்கிள், பின்னாடி கோடு பக்கத்துல மட்டும் புல்லே இல்ல, மொட்டையா இருக்கு. நெட் பக்கத்துல மட்டும் புதுசு மாதிரி பச்சையா இருக்கே, ஏன்?"

"அங்கே யாரும் போறதில்லைடா, அதான்."

"அப்ப எதுக்கு அங்கே புல் வளர்க்கறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஆட்டம் முடிந்ததும், 1980-ல் போர்க்கும் மெக்கன்ரோவும் ஆடிய இறுதிப் போட்டியின் பழைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினேன். அதே சென்டர் கோர்ட். ஆனால் மொட்டை விழுந்த இடம் வேறு. பின்கோட்டில் ஆரம்பித்து வலையை நோக்கி ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு பழுப்புத் தடம். பதினைந்து நாள் ஆட்டக்காரர்கள் முன்னால் ஓடி ஓடித் தேய்த்த தடம்.

புல் பொய் சொல்லாது ஸார். ஆட்டம் எங்கே நடந்தது என்பதற்கு அதுதான் கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் யாரோ கையை வைத்திருக்கிறார்கள். எப்படி வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதுதான் இந்த வாரம்.

இதைப் பேச எனக்கு இன்னொரு ஆட்டமும் வேண்டும். விம்பிள்டன் முடிந்த அடுத்த வாரம், அதே ஜூலையில் நடக்கிற பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப். இரண்டுக்கும் ஒரே வியாதி. டாக்டர்கள் கொடுத்த தப்பான மருந்தும் ஒன்றுதான்.

"கோல்ஃபா? அது பணக்காரன் ஆட்டமாச்சே" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். நம் ஊரில் அது பணக்காரன் ஆட்டம்தான். பிறந்த ஊரில் அப்படி இல்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே ஒரு மணல் மேட்டுப் பூமி உண்டு. ஏர் ஓட்ட முடியாது. விதைத்தால் முளைக்காது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும். நம் ரெவின்யூ பாஷையில் சொன்னால் மேய்க்கால் புறம்போக்கு. அதற்குத்தான் லிங்க்ஸ் என்று பெயர். அங்கே பிறந்ததால் அது லிங்க்ஸ் கோல்ஃப். எந்த என்ஜினீயரும் வரைபடம் போடவில்லை. காற்று மேடு பள்ளம் அமைத்தது. குளிருக்குப் பயந்து ஆடுகள் ஒண்டிய குழிகள்தான் பிற்பாடு பங்கர் ஆயின என்று சொல்வார்கள்.

இந்தப் பூமிக்குத் தலைநகரம் செயின்ட் ஆண்ட்ரூஸ். உலகம் பூராவும் கோல்ஃபுக்குப் பதினெட்டுக் குழி என்று ஆனதே, 1764-ல் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் மைதானத்தின் இருபத்திரண்டைப் பதினெட்டாகக் குறைத்ததால்தான். இன்றைக்கும் அந்த 'ஓல்டு கோர்ஸ்' பொதுச் சொத்து. எந்தக் கோடீஸ்வரன் கிளப்புக்கும் சொந்தமில்லை. போட்டி நாட்கள் தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டுத் தரையில் ஒரு பாட்டி வாக்கிங் போகலாம். நம் ஊர் கோல்ஃப் கிளப் வாசலில் போய் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

புல்தரை டென்னிஸுக்கு இவ்வளவு ஏழைப் பிறப்பு இல்லை. அது பங்களா தோட்டத்துப் பிள்ளை. 1830-ல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் வல்கனைஸ் செய்த ரப்பரில் பந்து வந்தது. புல்லில் எழும்பும் பந்து. 1874-ல் மேஜர் விங்ஃபீல்டு இந்த ஆட்டத்துக்குப் பேட்டன்ட் வாங்கினார். 1877-ல் விம்பிள்டன் முதல் போட்டி. ஆக, லிங்க்ஸை ஆடு மேய்த்து உண்டாக்கியது. டென்னிஸ் கோர்ட்டை மெஷின் மேய்ந்து உண்டாக்கியது. பிறப்பு வேறு. ஆனால் குணம் ஒன்று.

எப்படி என்கிறீர்களா?

சிமென்ட் மாதிரியான கெட்டித் தரை பந்தைப் பிடித்து இழுத்து, இடுப்புயரத்துக்குத் தூக்கி, "இந்தா, நிதானமா அடி" என்று தட்டில் வைத்துக் கொடுக்கும். புல் அப்படிச் செய்யாது. வழுக்கும். பந்து வேகம் குறையாமல் கணுக்காலைப் பார்த்துச் சீறிக்கொண்டு வரும். நீங்கள்தான் குனிய வேண்டும். அதனால் பின்னால் நிற்பதைவிட முன்னால் ஓடிப்போய், பந்து தரையைத் தொடும் முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். சர்வ் அண்ட் வாலி என்கிற அழகு பிறந்தது இப்படித்தான். யாரும் ஸ்டைலுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. தரை கேட்டது, ஆள் கொடுத்தான்.

லிங்க்ஸில் தரை கெட்டி, கடல்காற்று கொடுமை. பந்தை ஆகாசத்தில் தூக்கிவிட்டால் காற்று அதை எங்கேயோ கொண்டுபோய்ப் போடும். தப்பித்து விழுந்தாலும் நிற்காது, உருண்டு ஓடும். அதனால் தாழ்வாகத் தட்டி, மேட்டில் ஏற்றி, சரிவில் திருப்பி, உருட்டியே குழிக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். நாற்பது கஜம் தள்ளி இருக்கும் ஒரு சின்னத் திட்டைப் பார்த்து, "இதில் பட்டால் இடது பக்கம் போகும்" என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டும்.

ஆக, இரண்டிலும் பந்து தாழ்ந்து போக வேண்டும். ஆளும் தாழ்ந்து போக வேண்டும். எதிரில் நிற்பவனைத் தவிரத் தரை என்கிற இன்னொருவனோடும் ஆட வேண்டும். அவன் பேச மாட்டான், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருப்பான்.

அவனிடம் கர்வம் செல்லாது. 1921-ல் அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ் பத்தொன்பது வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்தார். மூன்றாவது ரவுண்டில் பங்கரில் சிக்கி, கோபத்தில் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். ஆறு வருஷம் கழித்து அதே தரையில் ஓபன் ஜெயித்தார். 1958-ல் அந்த ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. அகாஸியைப் பாருங்கள். 1987-ல் விம்பிள்டன் முதல் சுற்றிலேயே தோற்றார். அடுத்த மூன்று வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை. 1992-ல் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வாங்கியது எங்கே? அதே விம்பிள்டனில். இருவரும் முதலில் தரையைத் திட்டினார்கள், அப்புறம் அதைப் படித்தார்கள்.

அது அனுபவசாலிக்கு மரியாதை தரும் தரையும்கூட. 2009-ல் டர்ன்பெரியில் டாம் வாட்சன் என்ன செய்தார்? அறுபது வயதுக்கு இரண்டு மாதம் குறைவு. கடைசிக் குழியில் ஒரு பார் போட்டிருந்தால் ஆறாவது ஓபன். ஒரே ஒரு அடி அதிகமாகி, பிளே ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார். அதற்கு முந்தின வருஷம் ஐம்பத்து மூன்று வயது கிரெக் நார்மன் மூன்று நாள் முடிவில் முதலிடத்தில் இருந்தார். டென்னிஸில் 1974-ல் முப்பத்தொன்பது வயது கென் ரோஸ்வால் விம்பிள்டன் இறுதிக்கு வந்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஒருவன் இளைஞர்களுக்குத் தண்ணி காட்ட முடிகிறது என்றால், அங்கே புஜபலத்தைவிடப் பெரிசாக ஏதோ ஒன்று செல்லுபடியாகிறது என்று அர்த்தம்.

சரி, இதற்கு என்ன கேடு வந்தது?

கேடு மட்டையில் வந்தது. மட்டை என்றால் இங்கே ராக்கெட், கோல்ஃப் கிளப், நரம்பு, பந்து எல்லாம் சேர்த்துத்தான். மர ராக்கெட்டோடு விம்பிள்டன் ஜெயித்த கடைசி ஆண் 1981-ன் மெக்கன்ரோ. அப்புறம் கிராஃபைட். தலை பெரிசாச்சு, எடை குறைஞ்சுது. சர்வீஸ் பீரங்கியாச்சு. 1994-ல் சாம்ப்ராஸும் இவானிசெவிச்சும் ஆடிய இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சர்வீஸ், பாயின்ட். சர்வீஸ், பாயின்ட். நானே நடுவில் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன், ஒன்றும் மாறியிருக்கவில்லை. பிறகு பாலியெஸ்டர் நரம்பு வந்தது. 1997-ல் கூர்ட்டன் அதை வைத்து பிரெஞ்சு ஓபன் ஜெயித்ததும் எல்லோரும் மாறினார்கள். அந்த நரம்பில் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்து அடித்தாலும் பந்து சுழன்று கோட்டுக்குள் இறங்கும். வலைக்கு ஓடிவருகிறவன் காலடியில் போய் விழும். முன்னால் ஓடுவது தற்கொலை என்று ஆயிற்று.

கோல்ஃபில் டைட்டானியம் கிளப், 2000-ல் வந்த புதுத் தலைமுறைப் பந்து. அமெரிக்க பிஜிஏ டூரில் 1980-ல் முதல் அடியின் சராசரி தூரம் சுமார் 257 கஜம். 2023-ல் சுமார் 300. மனிதனுக்குத் தோள் பலமும் ஜிம்மும் கொஞ்சம் கூடியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவுமா?

இப்போது நிர்வாகிகளுக்கு முன்னால் இரண்டு வழி. மட்டையைக் கட்டுப்படுத்தலாம். அல்லது தரையை மாற்றலாம். எதைச் செய்தார்கள் தெரியுமா?

விம்பிள்டனில் 2001 வரைக்கும் விதைத்தது கலப்புப் புல். எழுபது சதவிகிதம் ரை புல், முப்பது சதவிகிதம் க்ரீப்பிங் ரெட் ஃபெஸ்க்யூ. அந்த வருஷத்திலிருந்து நூறு சதவிகிதமும் ரை. ஃபெஸ்க்யூ வெளியே. காரணம் கேட்டால், நவீன ஆட்டத்தின் தேய்மானத்தைத் தாங்க வேண்டுமாம். ஒப்புக்கொள்கிறேன், ரை உறுதியான புல். அடியில் மண்ணும் கெட்டியாச்சு, பந்து முன்னைவிட நேராக எழும்பியது. ஆனால் வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். நவீன ஆட்டம் புல்லைத் தேய்க்கிறது. ஆகவே புல்லை மாற்று. ஆட்டத்தை யார் தேய்த்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அந்த ஃபெஸ்க்யூ யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? லிங்க்ஸ் கோல்ஃபின் ஆதார சுருதியே ஃபெஸ்க்யூ இனம்தான். மணலில் வளரும், உரம் கேட்காது, தண்ணீர் கேட்காது. கோடையில் பழுப்பாகி, செத்த மாதிரி கிடக்கும், சாகாது. இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவான ஒரு ரத்த உறவு அந்த மெல்லிசுப் புல். அதை ஒரு வீட்டில் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறு வீட்டில்? செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் 1995-ல் ஓபன் நடந்தபோது நீளம் 6,933 கஜம். 2022-ல் 7,313. மணல் மேடு தானாக வளருமா? ஆரம்ப இடத்தைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்கள். 2010-ல் பதினேழாவது குழிக்கு நாற்பது கஜம் கூட்டினார்கள். இடம் எங்கே? பழைய ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மைதானத்துக்கு வெளியே! பௌலர் வேகமாகப் போடுகிறார் என்பதற்காக பேட்ஸ்மேனைச் சேப்பாக்கம் காம்பவுண்டுக்கு வெளியே, டீக்கடை வாசலில் நிறுத்தின மாதிரி. இவ்வளவும் செய்து 2022-ல் காற்று ஓய்ந்திருந்த நாட்களில் கேமரன் ஸ்மித் 20 அண்டர் பார் போட்டு ஜெயித்தார். தரையைச் சொல்லிக் குற்றமில்லை. பந்து அதன் தலைக்கு மேலேயே பறந்து போய்விடுகிறது.

விளைவைக் கணக்கில் காட்டுகிறேன். பிரெஞ்சு ஓபன் செம்மண், விம்பிள்டன் புல். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும். ஒரே வருஷத்தில் இரண்டையும் ஜெயிப்பது ஆண்கள் டென்னிஸில் இமயமலை. 1978, 79, 80 என்று மூன்று முறை செய்தார் போர்க். செய்தவிதம்தான் அழகு. பாரிஸில் பின்கோட்டை விட்டு நகராத மனிதர், லண்டன் வந்ததும் சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார். தரை அவரை மாற்றியது. அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் யாராலும் முடியவில்லை. பிறகு 2008-ல் நடால், 2009-ல் ஃபெடரர், 2010-ல் மறுபடி நடால், 2021-ல் ஜோகோவிச், 2024-ல் அல்கராஸ். 2025-ல் பாரிஸ் இறுதிக்கு வந்த அதே இருவர்தான் லண்டன் இறுதிக்கும் வந்தார்கள். எல்லோரும் மகா வீரர்கள், சந்தேகமே இல்லை. தரைக்காக அவர்களும் கொஞ்சம் மாறிக்கொண்டார்கள்தான். ஆனால் இமயமலையில் இப்படி வரிசையாக ஆள் ஏறினால், மலையைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது தப்பா?

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். அவர்களிடம் இரண்டு வாதம் உண்டு.

முதல் வாதம், நியாயம். "நன்றாக அடித்த பந்து ஒரு மேட்டில் பட்டு எங்கேயோ ஓடுகிறது. ஒழுங்காகப் போட்ட ஷாட்டுக்குப் பந்து எழும்பாமல் போகிறது. இது அதிர்ஷ்டம், விளையாட்டில்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2001-ல் தரவரிசையில் 125-ஆவது இடத்தில் இருந்த இவானிசெவிச் வைல்டு கார்டில் வந்து விம்பிள்டன் ஜெயித்தார். 2003-ல் 396-ஆவது இடத்திலிருந்த பென் கர்ட்டிஸ் ஓபன் ஜெயித்தார். லாட்டரிச் சீட்டு மாதிரி இல்லை?

இல்லை. லாட்டரி என்றால் ஒரே ஆளுக்கு எட்டுத் தடவை எப்படி விழும்? ஹாரி வார்டன் ஓபனை ஆறு தடவை ஜெயித்தார். பீட்டர் தாம்சன் ஐந்து, வாட்சன் ஐந்து. விம்பிள்டனில் நவ்ரத்திலோவா ஒன்பது, ஃபெடரர் எட்டு, சாம்ப்ராஸ் ஏழு. தரை கோணல் புத்திக்காரன்தான், ஆனால் லஞ்சம் வாங்காதவன். அவன் குணம் தெரிந்தவனுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறான். நடுவில் எப்போதாவது ஒரு புது ஆளையும் உள்ளே விடுகிறான். இதைவிட நியாயம் எந்த ஆபீசில் நடக்கிறது, சொல்லுங்கள்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. "பழைய புல்லிலேயே விட்டிருந்தால் வெறும் சர்வீஸ் போட்டியாக ஆட்டம் செத்திருக்கும். புதுப் புல்லால்தான் 2008-ல் ஃபெடரர் நடால் இறுதிப் போட்டி மாதிரி ஒரு காவியம் கிடைத்தது." உண்மை. 4 மணி 48 நிமிஷம் நானும் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் 1994-ல் காபி போடப் போனேனே, அது புல்லின் குற்றமா? அதே புல்லில் 1980-ல் ஒரு நாலாவது செட் டை பிரேக் 18-16 வரை போனது. மர மட்டை, அதே புல், காவியம். அப்போது மாறியது எது?

நான் பி.காம். படித்தவன். விளையாட்டு தெரியாவிட்டாலும் யாருக்கு லாபம் என்று கேட்கத் தெரியும். ராக்கெட்டுக்குக் கம்பெனி உண்டு. பந்துக்குக் கம்பெனி உண்டு. ஜெயித்தவன் கையில் இருப்பதை மறுநாள் கடையில் வாங்க ஆள் உண்டு. ஃபெஸ்க்யூவை வாங்கி யார் என்ன செய்வார்கள்? மணல் திட்டுக்கு ஸ்பான்சர் யார்? மட்டைக்கு எதிராக ஒரு விதி போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். புல்லைப் பிடுங்கினால் புல் கோர்ட்டுக்குப் போகாது. டி.வி.க்காரருக்கோ நட்சத்திரம் கடைசி நாள் வரை இருக்க வேண்டும், தரை பச்சைப் பசேல் என்று தெரிய வேண்டும். பழுத்த லிங்க்ஸைப் பார்த்தால் "தண்ணி விடலையா?" என்று கேட்கிற உலகம் இது. எல்லா ஏர்போர்ட்டிலும் ஒரே ருசியில் காபி கிடைக்கிற மாதிரி எல்லாத் தரையிலும் ஒரே ருசியில் ஆட்டம்.

மட்டையைக் கட்டுப்படுத்த முடியாது என்று மட்டும் யாரும் கதை விட வேண்டாம். 1984-ல் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். ஸ்டேடியத்தையா பெரிசாக்கினார்கள்? 1986-ல் ஈட்டியை மாற்றினார்கள். 2009-ல் ரோமில் பாலியூரிதேன் நீச்சலுடை போட்டுக்கொண்டு ஒரே போட்டியில் 43 உலக சாதனை. அடுத்த வருஷமே அந்த உடைக்குத் தடை. 1979-ல் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு பெர்த்தில் இறங்கினார். அப்புறம் பேட் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. டென்னிஸே 1977-ல் இரட்டை நரம்பு 'ஸ்பகெட்டி' ராக்கெட்டைத் தடை செய்ததே! மனசிருந்தால் மார்க்கமுண்டு.

கோல்ஃப்காரர்களுக்குக் கொஞ்சம் மனசு வந்திருக்கிறது. 2023 டிசம்பரில்தான் ஆர் அண்ட் ஏவும் அமெரிக்க சங்கமும் பந்தின் தூரத்தைக் குறைக்க முடிவெடுத்தன. பெரிய அடிக்காரர்களுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினைந்து கஜம் குறையும். முதலில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு, 2028-லிருந்து என்று அன்றைக்கு அறிவித்தார்கள். புதுப் பந்து வந்தது 2000-ல். பதினைந்து கஜத்துக்கு ஃபைல் நகர இருபத்து மூன்று வருஷம். அதற்கே என்ன எதிர்ப்பு, என்ன கூச்சல்! டென்னிஸ்காரர்களோ ஃபைலையே இன்னும் திறக்கவில்லை.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? நமக்கு நிறையவே இருக்கிறது.

சென்னையில் வளர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 61-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 61-ல் ராய் எமர்சனை நேர் செட்டில் தோற்கடித்துவிட்டுப் போனார். இரண்டு முறையும் அவரைத் தடுத்தவர்கள் அந்தந்த வருஷத்து சாம்பியன்கள். விஜய் அமிர்தராஜ் 1973, 81 இரண்டிலும் காலிறுதி. 1987-ல் டேவிஸ் கோப்பை அரையிறுதி, சிட்னியில், புல்தரையில். ஆஸ்திரேலியாவை அவர்கள் வீட்டிலேயே கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை வென்று வீழ்த்தியவர் ரமேஷ் கிருஷ்ணன். அவருடைய சர்வீஸைப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்கிற மாதிரி பதமாகப் போடுவார். பீரங்கி கிடையாது. கை இருந்தது, கண் இருந்தது, புல்லின் குணம் தெரிந்திருந்தது. அந்தத் தரையில் அது போதுமானதாக இருந்தது. அதே அணி இறுதிப் போட்டிக்கு ஸ்வீடன் போனது. அவர்கள் போட்டது உள்ளரங்கச் செம்மண். 5-0. ஒரு மனிதனின் திறமைக்குத் தரை எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு தரையை அழிப்பது ஒரு வகை மனிதனை அழிப்பது. புஜம் இல்லாத, கை நுணுக்கம் மட்டுமே உள்ள மனிதனை. அவன் தோற்றுப் போனால் பரவாயில்லை. அவன் ஆடுவதற்கே ஒரு இடம் இல்லாமல் போவதுதான் அநியாயம்.

1974 வரை நாலு கிராண்ட் ஸ்லாமில் மூன்று புல்லில் நடந்தது. அமெரிக்கா 1975-ல் புல்லை விட்டது, ஆஸ்திரேலியா 1988-ல் விட்டது. இன்றைக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. மாஸ்டர்ஸ் 1000 போட்டி ஒன்றுகூடப் புல்லில் கிடையாது. ஓபன் மட்டும் 1860-லிருந்து லிங்க்ஸை விட்டு நகரவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ராக்கெட் தலைக்கும் நரம்புக்கும் ஒரு கடிவாளம். பந்துக்குப் போட்ட கடிவாளத்தைக் கம்பெனிகளுக்குப் பயந்து அவிழ்க்காமல் இருப்பது. புல்லுக்கு ஒரே ஒரு மாஸ்டர்ஸ். கோடையில் லிங்க்ஸ் பழுப்பானால் அதை அப்படியே விட்டு வைப்பது. 2006-ல் ஹாய்லேக் காய்ந்து பழுத்துக் கிடந்தபோது டைகர் உட்ஸ் நாலு நாளில் ஒரே ஒரு முறைதான் டிரைவரை வெளியே எடுத்தார். உலகத்தின் மிகப் பெரிய அடிக்காரர்களில் ஒருவர் பெரிய கிளப்பைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு யோசித்து யோசித்து ஜெயித்தார். தரையைத் தரையாக விட்டால் இப்படி நடக்கும்.

பக்கத்து ஃப்ளாட் பையன் போர்க் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தான். மெக்கன்ரோ சர்வ் போட்டுவிட்டு ஓடுகிறதைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் சாயந்திரம் கோச்சிங் முடிந்து வந்தவன் முகம் தொங்கியிருந்தது.

"என்னடா ஆச்சு?"

"நானும் நெட்டுக்கு ஓடினேன் அங்கிள். நாலு தடவை பாயின்ட் போச்சு. 'பின்னாடி நில்லு, இப்பல்லாம் யாரும் முன்னாடி போறதில்ல'ன்னு ஸார் திட்டிட்டார்."

கோச் மேல் தப்பில்லை. அவர் ஆடுகளமும் சிமென்ட்தான். பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஓடும்போது எப்படிடா இருந்தது?"

"சூப்பரா இருந்துச்சு அங்கிள்" என்றான்.